நெல்லிக்கனின்னா நீண்ட ஆயுள்னு எழுதறத நிறுத்துங்க: கதைல வர்ற பொருள வெச்சு மனுஷன் மாறுறத படிக்க ஒரு முழு வழிகாட்டி

தமிழ் எம்.ஏ. படிச்சிட்டு தர்மபுரி பக்கம் பாலக்கோட்டுல உரமும் வெதையும் விக்கிற ஆளு நானு. தக்காளி நாத்து நடாத மாசத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடைல ஈ ஓட்றது தான் வேல, அந்த நேரத்துல காலேஜ் பசங்க சில பேரு வந்து மூட்ட மேல ஒக்காந்து பேசிட்டிருப்பாங்க. போன மாசம் ஒருத்தன் நோட்ட விரிச்சு காட்றான், "தாமரை – தூய்மை, விளக்கு – அறிவு, மழை – வளம், கல் – உறுதி, நெல்லிக்கனி – நீண்ட ஆயுள்"ன்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதி வெச்சிருக்கான். குறியீடு பாடத்துக்கு நோட்ஸாம். தம்பி இது மளிக லிஸ்ட்டு மாதிரி இருக்கேன்னேன், அண்ணா பரீட்சைக்கு இது போதும்னான்.

பரீட்சைக்கு போதும் தான். ஆனா கல்லு உறுதின்னா நம்ம பக்கம் காட்டோரமா புளியமரத்தடில நிக்குதே வேடியப்பன் கல்லு, அது எந்த கணக்குல வரும்? பல எடத்துல அது நடுகல்லு, மாடு மீக்கப் போயோ ஊரக் காக்கப் போயோ செத்த ஒரு ஆளு. செத்தவன் கல்லா ஆகி, கல்லு சாமியா ஆகி, சாமி இப்ப வருஷத்துக்கு ஒரு கெடா வாங்கிக்குது. ஒரே கல்லுல இத்தன மாத்தம் நடந்திருக்கு, இவன் "உறுதி"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சிட்டான்.

அன்னிக்கு அவனுக்கு சொன்னத தான் இங்க கொஞ்சம் வெலாவாரியா எழுதறேன். விஷயம் இவ்ளோ தான்: ஒரு பொருளுக்கு என்ன அர்த்தம்னு தேடாதீங்க, அது ரெண்டாவது தடவ எங்க வருதுன்னு தேடுங்க. மொத தடவைக்கும் ரெண்டாவது தடவைக்கும் நடுவுல யாரோ ஒருத்தர் மாறிப் போயிருப்பாங்க, பொருள் அதே தான், புடிச்ச கை வேற.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

ஒரு நோட்டு, ஒரு பென்சில், ரெண்டு சாயங்காலம். புத்தகம்னா உரையோட புறநானூறு, எந்த பதிப்பா இருந்தாலும் சரி, லைப்ரரில கண்டிப்பா இருக்கும். 1894ல உ.வே.சா. அத அச்சுல கொண்டு வரலன்னா இன்னிக்கு இந்த பேச்சே இல்ல. அதுல அஞ்சு பாட்டு போதும், 206, 91, 95, 235, 232. அஞ்சும் ஔவையார் பாடுனது, அஞ்சும் நம்ம ஊரு ஆளு அதியமான் நெடுமான் அஞ்சியப் பத்தினது. வரிசைய நான் மாத்திக் குடுத்திருக்கேன்னு நெனைக்காதீங்க, புறநானூறு எண் தொகுத்தவங்க போட்டது, நடந்த வரிசை இல்ல. உயிரோட இருக்கறப்ப பாடுனது மொதல்ல, செத்த அப்பறம் பாடுனது கடைசில, அவ்ளோ தான் நான் பண்ணது.

படி 1: மொதல்ல மனசுல இருக்கற சினிமா படத்த கழட்டி வைங்க

ஔவைன்னா கூன் விழுந்த பாட்டி, கைல கோலு, நெத்தில பட்டை. இந்த உருவம் மண்டைல இருக்கற வரைக்கும் இந்த பாட்டுங்க உள்ள எறங்காது. ஆத்திசூடி ஔவை பின்னாடி காலத்துல வந்த வேற ஆளு. சங்கத்து ஔவை 89ஆம் பாட்டுல பகை ராஜா தன்னை எப்படி கூப்ட்டான்னு அவங்களே சொல்றாங்க, "மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி". மை தீட்டுன கண்ணு, ஒளி வீசற நெத்தி. விறலின்னா ஆடிப் பாடுற பொண்ணு, ஊரு ஊரா போறவங்க. இத தெரிஞ்சிக்கிட்டு படிச்சா அதியமான் நட்பு வேற மாதிரி தெரியும், என்ன மாதிரின்னு நான் சொல்லல.

அதியமான் ஆண்டது தகடூர், அதாவது இன்னிக்கு தர்மபுரி. சேலம் ரோட்டுல அதியமான்கோட்டைன்னு ஊரே இருக்கு, பஸ்ஸுல போறப்ப போர்ட பாத்திருப்பீங்க. கதையில வர்ற ராஜான்னு நெனைக்க வேணாம், 1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைல கண்டுபிடிச்ச தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டுல "அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி"ன்னு பேரே இருக்கு. பாளின்னா கொகைல இருக்கற கல்லு படுக்க. ஈத்த, அதாவது குடுத்த. இந்த "ஈத்த"வ நோட்டுல எழுதி ஒரு வட்டம் போட்டு வைங்க, பின்னாடி வேணும்.

படி 2: பொருள மட்டும் எழுதுங்க, அர்த்தம் எழுதாதீங்க

இது தான் எல்லாரும் தாவிக் குதிக்கற எடம். பாட்ட ஒரு தடவ உரையோட படிச்சிட்டு, கைல தொட முடியறது, மோந்து பாக்க முடியறது, திங்க குடிக்க முடியறது என்னென்ன வருதோ அத மட்டும் எழுதணும். "அன்பு, வீரம், கொடை" எல்லாம் எழுதுனா அடிச்சிருங்க.

206ல பரிசு குடுக்க லேட் பண்ணிட்டான்னு ஔவைக்கு கோவம், வாயில்காரன்கிட்ட கத்துறாங்க. அதுல இருக்கற பொருள் என்ன? யாழு மாதிரி கருவிங்க, அத போட்டு கட்டுற பை, தச்சனோட மழு, சோறு. மூட்டைய கட்டியாச்சு, எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே, எந்த பக்கம் போனாலும் சோறு கெடைக்கும் போயான்னு கெளம்பறாங்க. என்ன திமிரு பாருங்க, படிக்கறப்பல்லாம் எனக்கு சிரிப்பு வரும்.

91ல நெல்லிக்கனி. பெரிய மலைப் பொளவுல, ஏற முடியாத எடத்துல இருந்து எடுத்த, சின்ன எலை நெல்லியோட பழம். அத சாப்ட்டா சாவு வராதுங்கற விஷயத்த வெளிய சொல்லாம உள்ளயே வெச்சிக்கிட்டு "சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே". கூடவே நீலமணி மிடற்று ஒருவன், அதாவது தொண்டைல வெஷத்த நிறுத்துன சிவன் மாதிரி நீ நெலச்சு இருன்னு வாழ்த்து.

95ல ஆயுதங்க. பகை ராஜா தொண்டைமான்கிட்ட தூது போனப்ப அவன் ஆயுதக் கொட்டாய காட்டி பெரும பீத்திக்கிறான், அத பாத்துட்டு ஔவை சொல்றது தான் பாட்டு. இதெல்லாம் பீலி அணிஞ்சு, மால சூட்டி, நெய் பூசி, காவலோட அழகா இருக்கு. அங்க எங்க ஆளோடது எல்லாம் பகைவன குத்தி குத்தி மொன ஒடஞ்சு கொல்லன் பட்டறைல கெடக்கு. பீலின்னா மயில் தோகை. புகழற மாதிரியே கால வாரி விட்டாச்சு.

235, அதியமான் செத்த அப்பறம். கள்ளு, சோறு, எலும்போட இருக்கற கறி, நரந்தம் மணக்கற கை, புலால் நாறுற தல, வேலு, பாணருங்க ஏந்துற மண்டைங்கற பாத்திரம்.

232, ரொம்ப சின்ன பாட்டு. நடுகல்லு, பீலி, கள்ளு ஊத்தற சின்ன கலம், ஒசந்த மலை. முடிஞ்சது.

படி 3: எது திரும்பி வருதுன்னு கோடு போடுங்க

இங்க தான் உக்காரணும், அவசரப்படாதீங்க, டீ ஒண்ணு சொல்லிக்கிங்க.

கள்ளு ரெண்டு எடத்துல வருது. 235ல "சிறியகள் பெறினே எமக்கு ஈயும் மன்னே, பெரியகள் பெறினே யாம் பாடத் தான் மகிழ்ந்து உண்ணும் மன்னே". கொஞ்சமா கள்ளு கெடச்சா எங்களுக்கே குடுத்துருவான், நெறைய கெடச்சா நாங்க பாட கூடவே அவனும் குடிப்பான். 232ல அதே கள்ளு, இப்ப ஔவை கண்ணு முன்னாடி சின்ன கலத்துல கல்லுக்கு ஊத்தறாங்க. "நார்அரி சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ", நாருல வடிகட்டுன கள்ள ஊத்துனா வாங்கிப்பானா? மலையோட நாட்டையே குடுத்தாலும் வாங்காத ஆளு இத வாங்கிப்பானா? கொஞ்சமா இருந்தா தான் குடிக்காம குடுக்கற ஆளுக்கு கொஞ்சமா ஊத்தறாங்க. நானா இருந்தா இந்த எடத்துல நாலு பக்கம் அழுது வெச்சிருப்பேன், அவங்க ஒரு கேள்வியோட விட்டுட்டாங்க.

பீலி. இத நான் காலேஜ் படிக்கறப்ப கவனிக்கவே இல்ல, "பீலி – அழகு"ன்னு எழுதி மார்க்கும் வாங்குனேன், கடைல ஒக்காந்து அஞ்சாறு வருஷம் கழிச்சு தான் ஒரு நாள் தெரிஞ்சுது. 95ல பீலி அணிஞ்சு நின்னது யாரு ஆயுதம்? தொண்டைமானோடது. ஒரு நாளும் வெளிய எடுக்காத, ஜோடிச்சு வெச்ச ஆயுதம். அதப் பாத்து ஔவை கிண்டல் பண்ணாங்க. 232ல "நடுகல் பீலி சூட்டி". இப்ப பீலி யாருக்கு? அதியமானுக்கு. ஒடஞ்சு பட்டறைல கெடந்த வேலோட சொந்தக்காரன் இப்ப ஜோடிச்சு நிறுத்தி வெச்ச கல்லு. அன்னிக்கு எந்த தோகைய பாத்து நக்கல் அடிச்சாங்களோ அதே தோகை. ரெண்டு பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு இப்படி யோசிச்சு எழுதுனாங்களான்னு கேட்டா நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ரெண்டும் ஒரே வாய்ல இருந்து வந்தது, படிக்கறவனுக்கு அது போதும்.

வேலும் திரும்பி வருது. 95ல அவன் வேலு பகைவன குத்தி மொன மழுங்குது. 235ல பகைவன் வேலு அவன் மார்ல எறங்குது. ஆனா ஔவை அத மார்ல நிறுத்தல, அந்த வேலு பாணரோட பாத்திரத்த ஓட்ட போட்டு, இரக்கறவங்க கைல பூந்து, அவன நம்பி இருந்தவங்க கண்ணுல ஒளி போயி, புலவருங்க நாக்குல போயி விழுந்துச்சாம். ஒரு ஆளு மேல பட்ட வேலு எத்தன பேர குத்துதுன்னு அப்படியே வழி போட்டு காட்றாங்க.

இன்னொண்ணு இருக்கு, அது பொருள் இல்ல, ஒரு சத்தம். 91ல "மன்னுக பெரும நீயே", மன்னுகன்னா நெலச்சு இரு. 235ல முன்பாதி வரிங்க முடிவுல திரும்பத் திரும்ப "மன்னே மன்னே மன்னே". இந்த "மன்" இலக்கணத்துல கழிவுப் பொருள்ல வர்ற எடைச்சொல்லு, அதாவது அதெல்லாம் போயிருச்சேங்கற பெருமூச்சு. நெலச்சு இருன்னு வாழ்த்துன அதே சத்தம் போயிருச்சேன்னு அழுகையா வருது. இது என் காதுக்கு கேட்டது, உரைல தேடாதீங்க. சத்தமா படிச்சு பாருங்க, மனசுக்குள்ள படிச்சா கேக்காது.

படி 4: யாரு குடுக்கறா, யாரு வாங்கறா

பொருள் ரெண்டு தடவ வந்தா மட்டும் பத்தாது, கை மாறி இருக்கான்னு பாக்கணும். அதுக்கு வினைச்சொல்ல மட்டும் தனியா எடுத்து எழுதுங்க. தொல்காப்பியத்துல ஈ, தா, கொடு மூணுக்கும் வித்தியாசம் சொல்லி இருக்கு, கீழ இருக்கறவன் கேக்கறது ஈ, சமமா இருக்கறவன் கேக்கறது தா, மேல இருக்கறவன் கேக்கறது கொடு.

91ல "ஈத்தனையே". 235ல "ஈயும்". ஜம்பை கல்வெட்டுலயும் "ஈத்த", வட்டம் போடச் சொன்னேனே அது தான். கல்லுல வெட்டுனவனுக்கும் பாட்டு கட்டுனவங்களுக்கும் இந்த ஆள் பேரு சொன்ன ஒடனே வாய்ல வர்ற வினை ஒண்ணு தான். 232ல அந்த "ஈ" காணாம போயிருது. உகுப்பவும், கொள்வன் கொல்லோ, கொடுப்பவும், கொள்ளாதோனே. நாம ஊத்தறோம், அவன் வாங்கணும். வாழ்நாள் முழுக்க குடுத்த கை இப்ப வாங்கற எடத்துல நிக்குது, அதுக்கு கையே இல்ல.

இந்த படிய எந்த கதைக்கும் போட்டு பாக்கலாம், நாவல் ஆனாலும் சரி. ஒரு சாவி, ஒரு கடுதாசி, ஒரு வளையல் எதுவா இருந்தாலும் "இது மொதல்ல யார்ட்ட இருந்துச்சு, கடைசில யார்ட்ட இருக்கு, குடுத்தாங்களா புடுங்குனாங்களா தொலைச்சாங்களா"ன்னு கேட்டா பாதி வேல முடிஞ்சுரும்.

படி 5: மாறுனது யாரு?

அதியமான் செத்துட்டான், அவன் கல்லா ஆயிட்டான், அதனால மாறுனது அவன் தான்னு தோணும். நல்லா பாருங்க. குடுக்கற ஆளா ஆரம்பிச்சான், கடைசி வரைக்கும் அதே ஆளு தான். மாறுனது ஔவை.

மாத்தத்த கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, அந்த ஆளோட மொத பாட்டுல இருந்து ஒரு வரியையும் கடைசி பாட்டுல இருந்து ஒரு வரியையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணு எழுதுங்க. எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே. அதுக்கு கீழ, இல்லாகியரோ காலை மாலை, அல்லாகியர் யான் வாழும் நாளே. எந்த பக்கம் போனாலும் சோறு இருக்குன்னு மூட்ட கட்டுனவங்க, இனிமே காலையும் வேணாம் மாலையும் வேணாம் நான் வாழற நாளே இல்லாம போகட்டும்னு நிக்கறாங்க. சோறு இப்பவும் எல்லா திசையிலயும் இருக்கும். திசை தான் இல்ல.

நெல்லிக்கனிய இப்ப திரும்பி பாருங்க. நம்ம பையன் நோட்டுல "நீண்ட ஆயுள்"னு எழுதி இருந்தானே, அந்த நீண்ட ஆயுள் யாருக்கு என்ன பண்ணுச்சு? சாவு வராம இருக்கன்னு அவன் குடுத்த பழம், அவன் செத்த அப்பறமும் இவங்கள உயிரோட நிறுத்தி வெச்சு, கல்லுக்கு கள்ளு ஊத்தறத பாக்க வெக்குது. 91ல வரம், 232 படிச்சிட்டு திரும்பி வந்தா அது வேற. பொருளோட அர்த்தம் பொருள்ல இல்ல, அடுத்து வர்ற பாட்டுல இருக்கு.

படி 6: நடுவுல இருக்கற பள்ளத்த தொடாதீங்க

தகடூர சேர ராஜா பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகை போட்டு புடிச்சான், "தகடூர் எறிந்த"ன்னு அவனுக்கு பட்டமே இருக்கு, பதிற்றுப்பத்துல எட்டாம் பத்து அவனுக்கு. ஆனா ஔவையோட இந்த அஞ்சு பாட்டுல சண்ட எப்படி நடந்துச்சுன்னு கத சொல்ற எடம் இல்ல. முன்ன இருக்கு, பின்ன இருக்கு, நடுவுல பள்ளம். மாத்தம் நடக்கறது அந்த பள்ளத்துல தான். எழுதறவங்க அத மூடாம விட்டிருந்தா நீங்களும் மூடாதீங்க, "இதனால் ஔவை மனம் மாறினார்"னு ஒரு வாக்கியம் போட்டு ரொப்பாதீங்க. இந்த படில செய்ய வேண்டியது இவ்ளோ தான், ஒண்ணும் செய்யாம இருக்கறது.

படி 7: பெரிய காப்பியத்துல பழகிப் பாருங்க

சிலப்பதிகாரம் எல்லாருக்கும் தெரியும்ங்கறதால சீக்கிரமா சொல்றேன். கோவலன் விட்டுட்டு போனப்ப கண்ணகி கால்ல சிலம்பு இல்ல. அவன் திரும்பி வந்து சொத்தெல்லாம் போச்சுன்னு தல குனிஞ்சு நிக்கறப்ப "சிலம்பு உள கொண்ம்", சிலம்பு இருக்கு எடுத்துக்கங்க, அவ்ளோ தான் பேச்சு, அதுவும் சிரிச்சிக்கிட்டே. மதுரைல "தேரா மன்னா செப்புவது உடையேன்"னு சபைல நின்னு அதே சிலம்ப ஒடைக்கறப்ப மாணிக்கம் ராஜா வாய் பக்கம் தெறிக்குது. கழட்டுனது, குடுத்தது, ஒடச்சது. இந்த மூணு வினைய வெச்சே கண்ணகி எங்க இருந்து எங்க போனாங்கன்னு சொல்லிரலாம்.

அதுக்கு அப்பறம் வஞ்சிக் காண்டத்துல காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்துன்னு காதைங்க பேரு வரிசையா வரும். இது தொல்காப்பியத்துல நடுகல்லு நடறதுக்கு சொன்ன வரிசையே தான்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்ல தேடிப் பாக்கறது, எடுத்துட்டு வர்றது, தண்ணில குளிப்பாட்டறது, நடறது, படையல் போடறது, வாழ்த்தறது. மனுஷன சாமியாக்க நம்ம ஆளுங்க வெச்ச முறை இது. தர்மபுரி மியூசியத்துல நடுகல்லுங்கள வரிசையா வெச்சிருக்காங்க, ஒரு நாள் போயி ஒவ்வொண்ணா நின்னு பாருங்க, இந்த ஆறும் நடந்த கல்லுங்க அதுங்க. காட்டுல இருக்கறது இன்னும் படையல் வாங்குது, மியூசியத்துல இருக்கறதுக்கு நம்பர் தான்.

மணிமேகலைல அமுதசுரபி பாருங்க, பாத்திரம் அதே தான். ஆபுத்திரன் கைல இருக்கறப்ப ஒரு காலத்துல மழை பேஞ்சு பசிக்கற ஆளே இல்லாம போயி, பாத்திரத்துக்கு வேலையே இல்லாம போகுது, கடைசில அவன் மணிபல்லவத்துல தனியா மாட்டிக்கிட்டு கோமுகி பொய்கைல அத விட்டுட்டு பட்டினி கெடந்து சாவறான். வத்தாத சோத்துப் பாத்திரம் வெச்சிருந்தவன் பட்டினி கெடந்து சாவறான்! அதே பாத்திரம் மணிமேகலை கைக்கு வந்து, கடைசில சிறைக்கோட்டம் அறக்கோட்டமா மாறுது. ஆளு மட்டும் இல்ல, கட்டடமும் மாறும்.

படி 8: கூத்து பாத்துட்டு வாங்க

புத்தகம் மட்டும் படிச்சா இது முழுசா ஏறாது. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லாலயும் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வைப்பாங்க, பகல்ல பிரசங்கம், ராத்திரில கூத்து, கடைசில படுகளம். துகில் உரியற ராத்திரி திரௌபதி கூந்தல் அவுந்துரும், துரியோதனன் சாவற வரைக்கும் முடிய மாட்டேன்னு சபதம். அதுக்கு அப்பறம் எத்தனையோ ராத்திரி போகும், அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், எலுமிச்சம்பழம் போடுவான், கீழ ஜனம் முந்தானைய விரிச்சு நிக்கும், அபிமன்யு சாவான், கர்ணன் சாவான், கட்டியக்காரன் ஊரு அரசியல் பேசி சிரிக்க வெப்பான். அந்த கூந்தல் அவுந்தே இருக்கும். கடைசி நாளு காலைல மண்ணுல செஞ்ச பெரிய துரியோதனன் படுத்திருப்பான், பீமன் வேஷம் சுத்தி சுத்தி வந்து தொடைல அடிப்பாரு, அப்பறம் தான் கூந்தல் முடிப்பு.

சின்ன வயசுல எனக்கு அந்த நேரத்துல ஏன் பொம்பளைங்க அழறாங்கன்னு புரியாது, ஜெயிச்சாச்சு இல்ல, ஏன் அழுவணும்? அதுக்கு அப்பறம் எல்லாரும் துரியோதனன் மண்ண கொஞ்சம் எடுத்து வீட்டுக்கு கொண்டு போவாங்க, நல்லதுன்னு. அதுவரைக்கும் வில்லன், அடி வாங்கி முடிஞ்ச ஒடனே அவன் மண்ணு வீட்டு மாடத்துல. அவுந்த முடியும் முடிஞ்ச முடியும் ஒரே முடி, நடுவுல எத்தன சாவு.

நோட்டு எடுத்துட்டு போகாதீங்க, பக்கத்துல ஒக்காந்திருக்கறவங்க சிரிப்பாங்க. சால்வ எடுத்துட்டு போங்க, விடிகாலைல குளுரும்.

படி 9: மாத்தம் நெஜமான்னு சந்தேகப்படுங்க

எல்லா கதையும் மனுஷன் மாறி நல்லா ஆயிட்டான்னு முடியாது, அப்படி முடியற கதைய தான் ஜாஸ்தி சந்தேகப்படணும். புதுமைப்பித்தன் சாபவிமோசனம்னு ஒரு கத எழுதி இருக்காரு. ராமன் கால் தூசி பட்டு கல்லா இருந்த அகலிகை பொண்ணா எழுந்திருக்கறது தான் நமக்கு தெரிஞ்ச புராணம், விமோசனம், முடிஞ்சுது. அவரு அங்க இருந்து தான் ஆரம்பிக்கறாரு. அதே ராமன் சீதைய தீல எறங்கச் சொன்னான்னு கேள்விப்பட்ட ஒடனே அகலிகை திரும்ப கல்லா ஆயிடறாங்க. மொத தடவ கல்லு ஒருத்தர் குடுத்த சாபம். ரெண்டாவது தடவ? அவங்களே எடுத்துக்கிட்டது. அந்த பையன் நோட்டுல கல்–உறுதின்னு இருந்துச்சே, ரெண்டாவது கல்லுக்கு வேணா அது கொஞ்சம் பொருந்தும், அப்பவும் நான் மார்க் போட மாட்டேன்.

ஆளு மட்டும் இல்ல, நெலமே மாறும். பாலைன்னு தனி நெலம் கெடையாது, முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிஞ்சு நல்லியல்பு இழந்து பாலைங்கற வடிவம் எடுக்குதுன்னு இளங்கோ சொல்றாரு. ஊத்தங்கரை, அரூர் பக்கம் சித்திரைல போறவங்களுக்கு இதுக்கு உரையே வேணாம். கதைல ஒரு எடம் காய ஆரம்பிச்சா, அந்த எடத்துல இருக்கற ஆளையும் ஒரு பார்வ பாருங்க.

படி 10: நீங்களே ஒண்ணு எழுதிப் பாருங்க

இது கட்டாயம் இல்ல, ஆனா பண்ணா தான் மேல சொன்னது எல்லாம் கைக்கு வரும். ஒங்க வீட்ல இருக்கற ஒரே ஒரு பொருள எடுங்க, சாமி படம், தாத்தா கண்ணாடி மாதிரி ஏற்கனவே கனமா இருக்கறத எடுக்காதீங்க, யாரும் கண்டுக்காதத எடுங்க. அத ரெண்டு எடத்துல வர வைங்க. அது என்னன்னு வெளக்கக் கூடாது, அவ்ளோ தான் கண்டிஷன்.

நான் எடுத்தது ஒரு சின்ன சுத்தி. எங்கம்மா சீசன்ல வியாபாரிங்ககிட்ட இருந்து புளி மூட்ட வாங்கியாந்து வீட்ல ஒக்காந்து தட்டுவாங்க, ஓடு ஒடச்சு கொட்ட எடுத்து எட போட்டு குடுக்கறது, எங்க பக்கம் பாதி வீட்ல இந்த வேல தான். நான் எம்.ஏ. முடிக்கற வரைக்கும் அந்த டொக் டொக் சத்தத்துல தான் படிச்சேன். தோள்பட்ட வலி வந்து அம்மா நிறுத்துன அப்பறம் அந்த சுத்திய காத்துக்கு கதவு சாத்திக்காம இருக்க முட்டு குடுத்து வெச்சிட்டோம், பல வருஷமா அங்கயே தான் கெடக்கு.

மொத தடவ எழுதுனப்ப "அந்தச் சுத்தியல் அம்மாவின் உழைப்பின் அடையாளமாய்க் கதவோரம் கிடந்தது"ன்னு எழுதுனேன். நாங்க இங்க குறியீட்ட பத்தி பசங்களுக்கு பாடம் எடுக்கற லட்சணம் அது. மறுநாள் படிச்சா எனக்கே வெக்கமா இருந்துச்சு, அடிச்சிட்டேன். ரெண்டாவது தடவ, மொத பக்கத்துல சத்தத்த மட்டும் வெச்சேன், எழுதறவன் அந்த சத்தத்துக்கு காதுல பஞ்சு வெச்சிக்கிட்டு படிக்கறான். கடைசி பக்கத்துல ஒரு மத்தியானம் அம்மா எழுந்து வந்து, எதுக்குன்னே தெரியல, கதவடில இருந்து சுத்திய கைல எடுக்கறாங்க, காத்து அடிச்சு கதவு டப்புன்னு சாத்திக்குது. அங்க நிறுத்திட்டேன்.

எழுதி முடிச்சிட்டு அம்மாகிட்ட படிச்சு காட்டுனேன், அழுவாங்கன்னு நெனச்சு. முழுசா கேட்டாங்க. கேட்டுட்டு, "அந்த சுத்தி நம்மளுது இல்லடா, மேல வீட்டு அத்தகிட்ட வாங்கியாந்தது, பாவம் அவங்க செத்தே நாலு வருஷம் ஆச்சு, நான் திருப்பியே குடுக்கல"ன்னாங்க.

கத இப்ப மூணாவது தடவ எழுதிட்டு இருக்கேன்.